பாலே வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளே, முழங்காலை முறுக்காதீர்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆகஸ்ட் கடைசியில் செமஸ்டர் தொடங்கும். செப்டம்பர் முழுக்க என்னிடம் கால்பந்து ஆடி விழுந்தவர்கள்தான் அதிகம் வருவார்கள். அக்டோபர் பிறந்ததும் இன்னொரு கூட்டம் சேர்ந்துகொள்ளும். முழங்காலின் உட்பக்கம் வலிக்கிறது என்பார்கள், கணுக்கால் வீங்கியிருக்கும், தொடை இடுக்கில் குத்துகிறது என்பார்கள். விசாரித்தால் எல்லாரும் தொடக்க நிலை பாலே வகுப்பில் சேர்ந்தவர்கள். பொறியியலோ உயிரியலோ படித்துக்கொண்டே, ஒன்றிரண்டு கிரெடிட்டுக்காகவும் ஆசைக்காகவும் வாரம் இரண்டு நாள் ஆடப் போகிறவர்கள். அக்டோபர் நடுவில் அந்த வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு. அதை நெருங்க நெருங்க என் வாசலில் வரிசை நீளும்.

பல்கலைக்கழக மாணவர் மருத்துவமனையில் விளையாட்டு மருத்துவம் பார்ப்பவள் நான். பாலே கற்பது நல்லது என்றே சொல்வேன். சமநிலை, கால் பலம், முதுகின் நிமிர்வு எல்லாம் அதில் வளரும். இந்த நாட்டில் நடனத்துக்கான முதல் பட்டப்படிப்பை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1926-இல் தொடங்கியவரே உயிரியல் படித்த ஓர் உடற்கல்வி ஆசிரியைதான். உடம்பைப் புரிந்துகொண்டு ஆட வேண்டும் என்ற எண்ணத்தில் வந்த படிப்பு இது. நடன வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் உடம்பின் பேச்சைக் கேட்காமல் நான்கு வாரம் கழித்து நொண்டிக்கொண்டு வருவதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

ஏன் தாமதமாக வருகிறார்கள்?

முதல் காரணம் வருகைப் பதிவு. இந்த வகுப்புகளில் மதிப்பெண்ணில் பெரும்பங்கு வருகைக்கே. இரண்டு மூன்று வகுப்புக்கு மேல் தவறினால் கிரேடு இறங்கும். அதற்குப் பயந்து மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். பெரும்பாலான நடனத் துறைகளில், காயம்பட்டவர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெழுதினால் வருகை கொடுத்துவிடுவார்கள். மருத்துவரின் கடிதம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை எழுதத்தான் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

இரண்டாவது காரணம் வெட்கம். "ஆரம்ப வகுப்புதானே, இதில் போய்க் காயமா?" என்று தயங்குகிறார்கள். உண்மையில் ஆரம்பநிலையில்தான் காயம் எளிதாக வருகிறது. பத்து வருடம் ஆடியவரின் தசைகளுக்கு அசைவுகள் பழகிப்போயிருக்கும். உங்கள் தசைகளுக்கு எல்லாமே புதிது.

180 டிகிரி என்னும் பொய்

நான் பார்க்கும் முழங்கால் வலிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் மூலம். பாலேயில் கால்கள் இரண்டையும் வெளிப்பக்கமாகத் திருப்பி நிற்பதை டர்ன்-அவுட் என்பார்கள். படங்களில் நடனமணிகளின் பாதங்கள் ஒரே நேர்கோட்டில் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு, முதல் வாரத்திலேயே தன் பாதங்களையும் அப்படி வைத்துவிட நினைக்கிறார்கள்.

அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். வயது வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு பக்க இடுப்பு 40 முதல் 50 டிகிரி வரைதான் வெளியே திரும்பும். இரண்டையும் கூட்டினாலும் 100-ஐத் தாண்டுவது அரிது. தொழில்முறைக் கலைஞர்களிலும் இடுப்பிலிருந்து மட்டுமே முழு 180 வருபவர்கள் மிகச் சிலர். கால் எவ்வளவு வெளியே திரும்பும் என்பதில் பங்குள்ள தொடையெலும்பின் முறுக்கு, பிறக்கும்போது ஏறத்தாழ 40 டிகிரி இருந்து, வளர்ந்து முடிவதற்குள் 15 டிகிரி அளவுக்குக் குறைந்து நின்றுவிடும். பதினெட்டு வயதுக்கு மேல் எந்தப் பயிற்சியும் அந்த எலும்பின் வடிவத்தை மாற்றாது. இடுப்பைத் திருப்பும் தசைகளைப் பலப்படுத்தலாம். இருக்கும் டிகிரியை முழுதாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் கேட்டால் முழங்காலும் பாதமும்தான் விலை கொடுக்கும்.

திருட்டுத்தனம் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழங்காலை மடக்கி, பாதங்களை நேர்கோட்டில் தரையில் பதித்து, பிறகு அப்படியே கால்களை நீட்டுகிறார்கள். மடங்கிய முழங்காலில் சுழல்வதற்குச் சிறிது இடம் உண்டு. நீட்டிய முழங்காலில் அது கிடையாது. மடக்கும்போது ஒளித்துவைத்த முறுக்கு முழுவதும், நீட்டும்போது முழங்காலின் உட்பக்க ஜவ்வின்மீது ஏறுகிறது. பாதத்தின் வளைவு உள்பக்கமாகச் சரிகிறது. ஈடுகட்ட இடுப்பு முன்னே சாய்கிறது, கீழ்முதுகு வளைகிறது. ஒரு திருட்டுக்கு நான்கு இடத்தில் வலி.

உங்கள் அளவைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. சுவரையோ பாரையோ பிடித்துக்கொண்டு, முழங்கால்களை நீட்டி, குதிகால்களைச் சேர்த்து நில்லுங்கள். பாதத்தின் முன்பகுதியை மட்டும் லேசாகத் தூக்கி, குதிகாலில் சுழன்று, தொடையின் பலத்தால் மட்டும் வெளியே திருப்புங்கள். எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் முதல் நிலை. பிளியே, அதாவது முழங்காலை மடக்கும் அசைவு, செய்யும்போது முழங்கால் சில்லு இரண்டாம் விரலுக்கு நேர்மேலே போக வேண்டும். உள்ளே சரிந்தால் பாதத்தைக் கொஞ்சம் மூடிக்கொள்ளுங்கள். நல்ல ஆசிரியர் யாரும் இதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்.

பரதம் ஆடியவர்களுக்குத் தனியாக ஒன்று

நம்மூர்ப் பெண்கள் பலர் சிறு வயதில் பரதம் கற்றுவிட்டு இந்த வகுப்புக்கு வருகிறார்கள். அரைமண்டியில் உட்கார்ந்து பழகிய கால்களுக்குத் தொடை பலம் நிறைய உண்டு, தாளம் தவறாது, உடம்பில் கட்டுப்பாடு இருக்கும். ஆனால் அரைமண்டியில் முழங்கால் மடங்கியேதான் இருக்கும். அங்கே இடுப்பில் குறைந்ததை முழங்கால் ஓசையில்லாமல் ஈடுகட்டியிருக்கக்கூடும். பாலேயில் மடங்கிய ஒவ்வொரு முறையும் கால் முழுதாக நீண்டாக வேண்டும். பழைய கணக்கு அப்போதுதான் வலியாக வெளிப்படும். "பத்து வருஷம் ஆடினேன் டாக்டர், அப்போதெல்லாம் வலித்ததே இல்லை" என்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். அரைமண்டியின் கோணத்தை அப்படியே பாலேக்குக் கொண்டுவராதீர்கள். முன்பாதத்தில் எழுந்து நிற்கும் ரெலவே உங்களுக்கும் புதிதுதான். கெண்டைக்கால் பழகச் சில வாரங்கள் கொடுங்கள்.

வலித்தால்தான் பலனா?

இல்லை. புதிய பயிற்சி செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் இரண்டு தொடையிலும் மந்தமாக வலிப்பது இயல்பு. மூன்று நான்கு நாளில் போய்விடும். ஒரே காலில், ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டும்படி வலித்தால் அது வேறு. ஆட ஆடக் கூடும் வலியும், இரவில் எழுப்பும் வலியும் காயத்தின் வலிகள். அவற்றோடு ஆடுவதில் வீரம் எதுவும் இல்லை.

தோழியை முதுகில் ஏறி அமுக்கச் சொல்லித் தவளை நிலையில் படுப்பதை எந்த வீடியோவில் பார்க்கிறார்களோ தெரியவில்லை. தயவுசெய்து வேண்டாம். தொடை இடுக்கில் கிள்ளுவதுபோல் குத்தினால், அங்கே நீளுவது தசை இல்லை. மூட்டின் விளிம்பு நசுங்குகிறது. ஸ்ப்ளிட் வர வேண்டும் என்று தினமும் இழுத்து, உட்காரும் எலும்பில் வலி வந்து, வகுப்பில் நாற்காலியில் உட்கார முடியாமல் வருகிறவர்களும் உண்டு. அந்தத் தசைநாண் ஆறப் பல மாதம் பிடிக்கும். நீண்ட நேரம் பிடித்து இழுக்கும் பயிற்சியை வகுப்பு முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது செய்யுங்கள். வகுப்புக்கு முன்னால் அது தசையின் வேகத்தைக் கொஞ்ச நேரம் குறைத்துவிடும். பாதத்தை வளைக்கும் மரக்கருவிகளை இணையத்தில் வாங்கிக் கட்டிக்கொள்வதும் வீண் வேலை.

இடுப்பில் "டக்" என்று சத்தம் கேட்கிறதா? வலி இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். அதற்காக அதை வேண்டுமென்றே சொடுக்கிக்கொண்டே இருக்காதீர்கள்.

விரல்நுனியில் நின்று ஆட அணியும் பாயின்ட் ஷூவை மூன்றாம் வாரத்திலேயே ஆர்டர் செய்துவிட்டு விடுதி அறையில் ஏறி நின்று பார்க்கும் பிள்ளைகளுக்கு: கூடாது. அது பல வருட அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகு, ஆசிரியர் பாதத்தையும் கணுக்காலையும் பார்த்து அனுமதி தந்த பிறகு போடுவது. அதே விடுதி நடைபாதையில் குதித்துப் பழகுவதும் வேண்டாம். நடன அறையின் தரை அடியில் நெகிழ்வு வைத்துக் கட்டப்பட்டது. விடுதித் தரை கான்கிரீட். முன்கால் எலும்பு வலியோடு வருகிறவர்களில் பலர் அங்கே குதித்தவர்கள்தான்.

உருவிவிடுவதும் பற்றுப் போடுவதும்

கணுக்கால் பிசகியதும் பிள்ளை வீடியோ அழைப்பில் அம்மாவிடம் காட்டுகிறாள். அம்மா நல்லெண்ணெய் சூடாக்கி உருவிவிடச் சொல்கிறார். உப்பும் புளியும் கொதிக்கவைத்துப் பற்றுப் போடச் சொல்கிறார். அன்போடு சொல்வதுதான், தெரியும். ஆனால் அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாளில் சூடும் அழுத்தித் தேய்ப்பதும் உள்ளே கசியும் இரத்தத்தைக் கூட்டும், வீக்கத்தை ஏற்றும். உள்ளே எலும்பு விரிசல் விட்டிருந்தால், உருவிவிடுவது அந்த விரிசலை விலக்கிவிடக்கூடும். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைக்கலாம், வலி அடங்கும். எலாஸ்டிக் கட்டுப் போட்டு, காலைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். போதும்.

தைலம் தடவி அதன்மேல் ஹீட்டிங் பேட் வைப்பவர்களுக்குத் தோல் வெந்து கொப்புளம் போடுகிறது. மென்தால் கலந்த தைலங்களால் ஏற்படும் தீப்புண் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012-இலேயே எச்சரித்தது. ஊரிலிருந்து நம் பெட்டிகளில் வரும் தைலங்கள் பலவற்றிலும் மென்தால் உண்டு.

பெட்டியில் வந்த மாத்திரைகள்

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கப் போவதில்லை. ஊரிலிருந்து வரும் பெட்டியில் ஒரு வருடத்துக்கு வலி மாத்திரை இருக்கிறது. நிமிசுலைடு கொண்டுவருகிறார்கள். கல்லீரலைத் தாக்கக்கூடியது, அமெரிக்காவில் என்றுமே அனுமதி பெறாத மருந்து அது. ஊர்க் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். அதன்மேல் இங்கே கடையில் வாங்கிய டைலெனாலையும் போடுகிறார்கள். அதுவும் பாராசிட்டமால்தான். சளி மருந்திலும் அதுவே. கூட்டிப் பார்த்தால் ஒரு நாள் உச்சவரம்பான நான்கு கிராமைத் தாண்டிவிடுகிறது.

ஐபுபுரோஃபனைக் காலை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு ஆடப் போகிறார்கள். இங்கே மருந்துச்சீட்டின்றி ஒரு நாளில் எடுக்கக்கூடிய அளவு 1,200 மில்லிகிராம். அதற்கு மேல் எடுத்தால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. அதைவிடப் பெரிய கேடு, பாத எலும்பில் மயிரிழையாகத் தொடங்கிய முறிவின் வலியை அது மறைப்பது. வலி தெரியாமல் ஆட ஆட இழை முழு முறிவாகிவிடக்கூடும். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் ஒரே குரலை மாத்திரை போட்டு அடக்கிவிட்டு, பிறகு என்னிடம் வந்து எப்போது ஆடலாம் என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

கண்ணாடியும் காலைச் சாப்பாடும்

நான்கு பக்கமும் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய லியோடார்ட். அந்த அறையில் நின்றதும் சாப்பாட்டைக் குறைக்கத் தோன்றுகிறது. பட்டினியோடு ஆடினால் எலும்பு தேயும், மாதவிலக்கு நிற்கும், காயம் ஆறாது. இதை 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ரெட்-எஸ் என்ற பெயரில் வரையறுத்தது. ஆண்களுக்கும் வரும். மூன்று மாதம் தொடர்ந்து விலக்கு வரவில்லை என்றால், கால் வலிக்காக வந்திருந்தாலும் அதையும் சொல்லுங்கள். பல பிள்ளைகள் நாங்கள் கேட்டால்தான் சொல்கிறார்கள்.

சோதனைகள்

எங்களிடம் வந்தால், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்போம், அதில் தெரியாத முறிவோ என்று சந்தேகம் வந்தால் எம்ஆர்ஐ.

கெஞ்சிக் கேட்கிறேன்

அடிபட்ட காலால் நான்கு அடி நடக்க முடியவில்லை, கணுக்கால் எலும்பையோ பாதத்தின் வெளிப்பக்க எலும்பையோ தொட்டால் துடிக்கிறது, முழங்கால் சில மணி நேரத்தில் வீங்கிவிட்டது அல்லது மடங்கி மாட்டிக்கொள்கிறது என்றால் அன்றைக்கே வாருங்கள். மற்ற வலிகள் ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் வாருங்கள். பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டரோடு வசூலிக்கும் சுகாதாரக் கட்டணத்திலேயே மருத்துவரைப் பார்க்கும் செலவு அடங்கிவிடும்.

முதல் வகுப்பிலேயே பழைய காயங்களை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். ரெலவேயில் கணுக்கால் வெளியே கவிழாமல், எடையைப் பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் மேலே வையுங்கள். குதித்து இறங்கும்போது குதிகால் தரையைத் தொடட்டும், முழங்கால் மடங்கட்டும். பக்கத்தில் நிற்பவளின் கால் எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்காதீர்கள். அவளுடைய இடுப்பு எலும்பு வேறு, உங்களுடையது வேறு.

ஊரிலிருந்து இதைப் படிக்கும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கால் வலி என்று சொன்னால், எந்த மாத்திரை போட்டாய் என்று கேட்காதீர்கள். மருத்துவரைப் பார்த்தாயா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால், நேரம் வாங்கிய பிறகுதான் மற்றப் பேச்சு என்று சொல்லுங்கள். அடுத்த பெட்டியில் ஊறுகாய் அனுப்புங்கள், பருப்புப் பொடி அனுப்புங்கள். வலி மாத்திரை மட்டும் வேண்டாம்.