ரீசெட் ஆனா எல்லாமே பூஜ்யமாகிடுமா? எமுலேட்டர்கள் சறுக்கும் அந்த முதல் கணம்

லேப்டாப்பில் இருக்கும் எமுலேட்டரில் கோடு பக்காவாக ஓடுகிறது. அதையே நிஜ போர்டில் ஏற்றினால் கம்மென்று கிடக்கிறது. இல்லையென்றால் ஓடி, நின்று, மறுபடியும் முதலிலிருந்து ஓடுகிறது. வயரிங்கைப் பார்த்தாச்சு, பவர் சப்ளையை மாத்தியாச்சு, கோடை நாலு முறை படிச்சாச்சு. அப்போ பிரச்சினை எங்கே? யாரும் அவ்வளவாகச் சந்தேகப்படாத ஓர் இடம் உண்டு: எமுலேட்டர் அந்தச் சிப்பை 'ஆன்' செய்த விதம்.

வாஷிங் மெஷினிலிருந்து ஸ்கூட்டர் வரை உள்ளே உட்கார்ந்திருக்கும் குட்டி கம்ப்யூட்டர்தான் மைக்ரோகன்ட்ரோலர். அதைப்போலவே மென்பொருளில் நடித்துக் காட்டுவது எமுலேட்டர். போர்டு கையில் இல்லாமலே கோடைச் சோதித்துவிடலாம். ஆனால், ரீசெட் ஆன கணத்தில் பிராசஸரின் ஒவ்வொரு ரிஜிஸ்டரிலும் என்ன இருக்க வேண்டும் என்பதில் தப்பு நடந்தால் மற்றதெல்லாம் கோணலாகிவிடும். இதைத்தான் 'ரீசெட் நிலை' என்கிறார்கள். டேட்டாஷீட்டில் ஒவ்வொரு ரிஜிஸ்டரின் கீழேயும் தொடக்க மதிப்பு அச்சிட்டிருக்கும். பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

ரீசெட் என்றால் எல்லாம் பூஜ்யம், ஓட்டம் 0-வது முகவரியில் தொடங்கும் என்று நினைத்தால் முதல் அடியே சறுக்கல். எஸ்டிஎம்32 சிப்களில் இருக்கும் ஆர்ம் கார்டெக்ஸ்-எம் பிராசஸரைப் பாருங்கள். அங்கே 0-வது முகவரியில் கட்டளையே கிடையாது. ஸ்டாக் பாயின்டரின் தொடக்க மதிப்பு இருக்கும். புரோகிராம் எங்கே தொடங்குகிறது என்ற விலாசம் 4-வது முகவரியில். அந்த விலாசத்தின் கடைசி பிட் 1 ஆக இருக்கணும். வருவது 'தம்ப்' வகைக் கட்டளைகள் என்பதற்கான அடையாளம் அது. பிட் 0 ஆக இருந்தால் நிஜ சிப் முதல் கட்டளையிலேயே ஃபால்ட் ஆகி நின்றுவிடும். ஆர்ம்வி7-எம் வகையில் லிங்க் ரிஜிஸ்டரோ 32 பிட்டும் 1 ஆகத்தான் தொடங்கும். பூஜ்யம் எங்கே இருக்கு?

பிரபலமான கியூஎமு எமுலேட்டரின் கோடில் இதற்காகவே ஒரு தனி ஏற்பாடு உண்டு. ரீசெட்டின்போது பிராசஸர் 0-வது முகவரியைப் படிக்கணும். ஆனால், ஃபர்ம்வேர் மெமரிக்குள் நகலெடுக்கப்படுவதும் அதே ரீசெட்டில்தான். பிராசஸர் முந்திக்கொண்டால் காலி மெமரியைப் படித்துவிடும். அதனால், இன்னும் நகலாகாத ஃபர்ம்வேரையே நேரடியாக எட்டிப் பார்த்து மதிப்பை எடுத்துக்கொள்கிறது கியூஎமு.

இங்கே தப்பு நடந்தால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும், கோடு ஓடவே ஓடாது. எமுலேட்டர் நிஜ சிப்பைவிட நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்போதுதான் ஆபத்து. நிஜத்தில் பவர் வந்ததும் ரேமில் ஏதோ குப்பை இருக்கும். ரீசெட் பட்டனும் அதைச் சுத்தம் செய்யாது. எமுலேட்டர் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிக் கொடுத்தால், மதிப்பு கொடுக்க மறந்த ஒரு லோக்கல் வேரியபிள் அங்கே பூஜ்யமாகவே அமைந்துவிடலாம். டெஸ்ட் பாஸ். போர்டில் ஃபெயில்.

இன்னும் மோசமானது வாட்ச்டாக். புரோகிராம் உறைந்துபோனால் சிப்பைத் தானாக ரீசெட் செய்யும் காவல் டைமர் இது. ஆர்டுயினோ யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் ரீசெட் 4 வகை: பவர் வந்தது, பட்டன் அழுத்தியது, மின்னழுத்தம் குறைந்தது, வாட்ச்டாக் கடித்தது. எதனால் ரீசெட் ஆனது என்பதை ஒரு ரிஜிஸ்டர் குறித்து வைத்துக்கொள்ளும். வாட்ச்டாக் கடித்திருந்தால், ரீசெட்டுக்குப் பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும், அதுவும் மிகக் குறைந்த அவகாசத்தில், சுமார் 16 மில்லி விநாடி. அதற்குள் அந்தக் குறிப்பை அழித்து, டைமரை நிறுத்தணும். இல்லாவிட்டால் மறுபடி ரீசெட், மறுபடி ரீசெட்... முடிவே இல்லை.

எல்லா ரீசெட்டையும் புதிதாகப் பவர் வந்தது போலவே நடத்தும் எமுலேட்டரில் இந்தச் சுழல் தெரியவே தெரியாது. யூனோவிலும் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதன் ஆப்டிபூட் பூட்லோடர் இந்த வேலையைச் சத்தமில்லாமல் முடித்துவிடும். பூட்லோடர் இல்லாமல் வெறும் சிப்பை வைத்துப் பொருள் தயாரிப்பவர்தான் மாட்டுவார். மொட்டை மாடி டேங்க்கில் பொருத்திய சென்சார் ஒருமுறை உறைந்து, வாட்ச்டாக் அதை எழுப்பப் போய், அதன்பிறகு எழவே எழாமல் போகும்.

சோதிப்பது கஷ்டமில்லை. முதல் கட்டளை ஓடும் முன்பே கியூஎமுவை நிறுத்தி வைத்து, ஜிடிபி டீபக்கரை இணைத்து ரிஜிஸ்டர்களைப் பார்க்கலாம். பக்கத்தில் டேட்டாஷீட்டைத் திறந்து வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடணும். 'வரையறுக்கப்படாதது' என்று டேட்டாஷீட் சொல்லும் இடங்களில் வேண்டுமென்றே குப்பை மதிப்புகளைப் போட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. வாட்ச்டாக் ரீசெட்டை மட்டும் நிஜ சிப்பில் ஒருமுறை கடிக்க விட்டுத்தான் பார்க்கணும்.