நெய் டின்னும் நெஞ்சு வலியும்



போன மாதம் ஒரு பெரியவர் நம்ம தோட்டக் கிளினிக்குக்கு வந்தார். பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். முன்பு நெஞ்சு வலி கண்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடந்து, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையோடு வீடு திரும்பியவர்.

"மாத்திரையை நிறுத்திட்டேன் ஐயா. தினம் காலையிலே 3 பெரிய கரண்டி சுத்த நெய் குடிக்கிறேன். அந்தக் காலத்துச் சாப்பாடுதான் உடம்புக்கு நல்லதாமே!" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நெய் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. அதில் 'ஏ' வைட்டமின் இருக்கிறது. கீரை, காரட், பூசணியில் உள்ள சத்தும் கொஞ்சம் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். மெலிந்த பிள்ளைக்குப் பருப்புச் சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டுப் பிசைந்து கொடுங்கள். அந்த 5 கிராமில் சுமார் 45 கலோரி கிடைக்கும். வெண்ணெய் மாதிரி சீக்கிரம் கருகாது, தாளிக்கவும் ஏற்றது.

ஆனால் நெய்யில் 100க்கு 60 பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது இதுதான். பன்றிக் கொழுப்பில் இது சுமார் 40 பங்கு, செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி. நெய்யை விட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு ஓடுகிறவர்கள் கவனிக்க: அதில் 80க்கும் மேல்!

உலக சுகாதார நிறுவனம் சொல்வது, நாளைய கலோரியில் இந்தக் கொழுப்பு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 22 கிராம். பெரியவர் குடித்த 3 கரண்டி நெய் ஏறக்குறைய 40 கிராம். அதிலேயே 24 கிராம் போய்விட்டது. பசியாறுவதற்கு முன்பே அன்றைய கணக்கு முடிந்தது!

அந்தக் காலம் என்கிறோமே, லயத்து வீட்டில் நெய் ஏது? தீபாவளிக்கு வாங்குவார்கள், பிள்ளை பெற்றவளுக்கு வாங்குவார்கள். மற்ற நாளில் விடியுமுன் எழுந்து, நூற்றுக்கணக்கான மரம் வெட்டி, பால் வாளி சுமந்த உடம்பு அது.

இன்னொன்று. கடையில் 'மிஞ்ஞாக் சாப்பி' என்று வாங்குவதெல்லாம் பசு நெய் அல்ல. சிலவற்றில் இருப்பது செம்பனை எண்ணெய்தான். டின்னில் எழுதியிருக்கும், பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பெரியவர் மறுபடி மாத்திரைக்கு வந்துவிட்டார். சோற்றுக்கு ஒரு தேக்கரண்டி நெய் மட்டும் விடச் சொல்லி, டின்னை அவர் மனைவியிடம் ஒப்படைத்திருக்கிறேன். நெஞ்சு வலி, இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் யார் என்ன சொன்னாலும், மாத்திரையை நிறுத்துமுன் ஒரு நடை வந்து கேளுங்கள். பெரட்டு நேரத்திலேயே கிளினிக் கதவைத் திறந்துவிடுவேன்.