மணி சரி, மண்டலம் தவறு

எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்ற மாணவி ஒருவர். உபகாரச் சம்பளத்திற்கான நேர்முகத் தேர்வு ஜூன் மாதத்தில் இணையம்வழி நடப்பதாக அவருக்கு அழைப்பு வந்தது. கணினியின் நாட்காட்டியில் அது நண்பகல் 12 மணி என்று பதிவாகியிருந்தது. 11.45க்கே சான்றிதழ்களை அருகில் வைத்துக்கொண்டு திரைக்கு முன் அமர்ந்துவிட்டார்.

இணைப்பைத் திறந்தபோது அங்கு யாரும் இல்லை. அவருக்கான நேர்முகத் தேர்வு காலை 10 மணிக்கே தொடங்கி முடிந்திருந்தது. மறுவாய்ப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். இடங்கள் நிரம்பிவிட்டன என்பதே பதிலாக வந்தது.

இத்தனைக்கும் அவருடைய கணினி காட்டிய நேரமும் வீட்டுச் சுவர்க் கடிகாரம் காட்டிய நேரமும் ஒன்றுதான். பிறகு தவறு எங்கே நடந்தது?

அந்த மேசைக் கணினி, மெல்பர்னில் படித்துவிட்டுத் திரும்பிய அண்ணன் கொண்டுவந்தது. ஜூன் மாதத்தில் மெல்பர்ன் நேரம் நம் நேரத்தைவிட 2 மணி நேரம் முந்தியது. கடிகாரம் தவறாக இருப்பதைக் கண்ட மாணவி, அதைக் கையால் 2 மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார். மணி சரியானது. நேர மண்டலம் மட்டும் மெல்பர்னிலேயே நின்றுவிட்டது.

இணையத்தில் அனுப்பப்படும் அழைப்புகள் பொதுவாக யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தோடு இணைத்தே கணக்கிடப்படுகின்றன. நம் காலை 10 மணி, யுடிசி கணக்கில் அதிகாலை 2 மணி. அதோடு 8 மணி நேரத்தைக் கூட்டினால் மலேசிய, சிங்கப்பூர் நேரம் கிடைக்கும். அந்தக் கணினியோ தான் மெல்பர்னில் இருப்பதாக எண்ணி 10 மணி நேரத்தைக் கூட்டி, 12 மணி என்று காட்டியது. கணக்கில் பிழையில்லை. இருக்கும் ஊரைத்தான் யாரும் அதற்குச் சொல்லவில்லை.

கைத்தொலைபேசி, தொலைபேசிக் கோபுரத்தின் வழியாக நேரத்தையும் மண்டலத்தையும் அறிந்துகொள்ளும். மேசைக் கணினிக்குப் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. சூரியனை வைத்து ஊகிக்கவும் முடியாது. ஏனெனில் நேர மண்டலம் என்பது அரசாங்கம் முடிவு செய்வது. சூரியனை மட்டும் பின்பற்றினால் கோலாலம்பூரின் நேரம் யுடிசியைவிட 6 மணி 47 நிமிடம்தான் முந்தியிருக்கும்.

தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் முன்பு யுடிசியைவிட ஏழரை மணி நேரம் முந்தியிருந்தன. சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரத்தைக் கடைப்பிடிப்பதற்காக மலேசியா, 1982ஆம் ஆண்டு பிறந்தபோது கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளியது. சிங்கப்பூரும் அதே வேளையில் மாறியது. இன்று நாம் பயன்படுத்தும் நேரம் அப்படி வந்ததுதான்.

எந்த வகைத் தவறு?

கடிகாரம் எவ்வளவு தவறாக இருக்கிறது என்பதை வைத்தே காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

தவறு சரியாக ஒரு மணி, இரண்டு மணி, இரண்டரை மணி நேரம் என்று இருந்தால் பெரும்பாலும் மண்டலம்தான் காரணம். இந்திய நேரத்தில் அமைக்கப்பட்ட கணினி, இங்கே இரண்டரை மணி நேரம் பின்தங்கிக் காட்டும்.

சில நிமிடங்கள் மட்டும் பிசகியிருந்தால், கணினி இணையத்திலிருந்து நேரத்தைச் சரிபார்க்கவில்லை என்று பொருள். கணினிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரத்தைக் கணக்கிடுகிறது. நாளுக்கு ஓரிரு வினாடி பிசகினாலும், சில மாதங்களில் அது நிமிடங்களாகப் பெருகிவிடும்.

ஒவ்வொரு முறை மின்சாரத்தை நிறுத்திக் கணினியைத் திறக்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போனால், தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கலாம். பல கணினிகளில் இருப்பது சிஆர்2032 என்னும் 3 வோல்ட் மின்கலம். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பெரியவர் ஒருவரின் துணையோடு மாற்றுங்கள். தேதி பழையதாக இருந்தால் பல இணையத்தளங்கள் 'பாதுகாப்பற்றவை' என்ற எச்சரிக்கையோடு தடைபடும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்தைக் கணினி தன் தேதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இதற்குக் காரணம்.

சரிசெய்வது எப்படி?

விண்டோஸ் கணினியில், திரையின் கீழே வலது மூலையில் உள்ள கடிகாரத்தின் மீது சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, 'அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் 'டைம் ஸோன்' பட்டியலில், கோலாலம்பூர், சிங்கப்பூர் என இரண்டு பெயர்களும் சேர்ந்திருக்கும் யுடிசி+08:00 மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கவும். அதன் பிறகு 'செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி' என்பதை இயக்கி, 'சிங்க் நவ்' பொத்தானை அழுத்தவும். மண்டலத்தை மாற்றாமல் தானியங்கி வசதியை மட்டும் இயக்கினால், கடிகாரம் மீண்டும் பழைய ஊரின் நேரத்துக்கே தாவிவிடும். அதைக் கண்டு, வசதியே பழுது என நினைத்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

பள்ளிக் கணினிக் கூடத்தில் இந்த அமைப்புகளை மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். அங்கே தவறைக் கண்டால் ஆசிரியரிடம் தெரிவியுங்கள்.

இணையம்வழி ஒப்படைக்கும் பாடவேலைகளிலும் கவனம் தேவை. இரவு 11.59 என்ற கெடு, பொதுவாக அந்தத் தளத்தின் வழங்கி காட்டும் நேரப்படியே கணக்கிடப்படும். "என் கணினியில் 11.55தான்" என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

அந்த மாணவி இந்த ஆண்டு வேறோர் உபகாரச் சம்பளத்திற்கு விண்ணப்பித்திருக்கிறார். அழைப்புக் கிடைத்ததும், "மலேசிய நேரப்படி காலை 9 மணிதானே?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டு, பதிலையும் பெற்றுக்கொண்டார். உங்கள் வீட்டிலும் வெளிநாட்டிலிருந்து வந்த கணினியோ பிறர் பயன்படுத்திய கணினியோ இருந்தால், இன்றே அதன் மண்டலத்தைப் பார்த்துவிடுங்கள்.