எட்டு மணி நேரம்தான் வேலை!

நிபந்தனை போட்ட தச்சருக்கு ஊரே மரியாதை செய்தது

"வேலை செய்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை!"

இப்படிச் சொன்னவர் ஒரு தச்சர். வேலை கொடுக்க வந்தவர் பெரிய வியாபாரி. நடந்த ஆண்டு 1840. நடந்த இடம் நியூசிலாந்து.

அந்தத் தச்சரின் பெயர் சாமுவேல் பார்னெல். பிறந்தது லண்டன். தொழில் கற்றதும் அங்கேதான்.

அந்த நாளில் லண்டன் தொழிலாளியின் பாடு பெரும்பாடு. காலை 6 மணிக்கு மணி அடிக்கும். அப்போது பட்டறையில் நிற்க வேண்டும். தவறினால் கால் நாள் கூலி போய்விடும். 12 மணி நேரம், 14 மணி நேரம் உழைப்பது சர்வ சாதாரணம்.

"இது நியாயமா?" என்று பார்னெல் கூட வேலை செய்தவர்களிடம் வாதாடினார். அவர் பேச்சு எடுபடவில்லை.

கப்பலில் கிடைத்த பழக்கம்

பார்னெல் மனைவியுடன் நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறினார். 1840-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி கரை சேர்ந்தார். இன்று வெலிங்டன் நகரம் இருக்கும் பகுதி அது.

அதே கப்பலில் ஜார்ஜ் ஹன்டர் என்பவரும் வந்திருந்தார். சரக்குகளை வைக்க அவருக்கு ஒரு பண்டகசாலை தேவைப்பட்டது. கட்டித் தரும்படி பார்னெலைக் கேட்டார்.

"என்னால் முடிந்த அளவு நன்றாகச் செய்து தருகிறேன். ஆனால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை" என்றார் பார்னெல்.

ஹன்டர் திகைத்தார். எட்டு மணி நேரமா? இது என்ன புதுமை?

பார்னெல் கணக்குச் சொன்னார். கடவுள் கொடுத்தது 24 மணி நேரம். எட்டு மணி நேரம் வேலைக்கு. எட்டு மணி நேரம் தூக்கத்துக்கு. மீதி எட்டு மணி நேரம் ஓய்வுக்கும் சொந்தக் காரியத்துக்கும்.

"நாளைக் காலை 8 மணிக்கே வரத் தயார். சம்மதம் இல்லையென்றால் வேலையும் இல்லை" என்றார்.

லண்டன் வழக்கத்தை ஹன்டர் எடுத்துச் சொன்னார். "நாம் இப்போது லண்டனில் இல்லையே!" என்றார் பார்னெல்.

அந்தக் குடியிருப்பில் அப்போது தச்சர்கள் மூன்றே பேர்தான். ஹன்டருக்கு வேறு வழி இல்லை. ஒப்புக்கொண்டார்.

மற்றவர்களுக்கும் சொன்னார்

பார்னெல் தன் காரியம் முடிந்தது என்று இருந்துவிடவில்லை. தச்சர்கள் குறைவாக இருக்கும்வரைதான் அவர் பேச்சுக்கு மதிப்பு. அடுத்த கப்பலில் பத்துப் பேர் வந்து, "நாங்கள் 12 மணி நேரம் உழைக்கிறோம்" என்றால் என்ன ஆகும்?

அதனால் கப்பல் வரும்போதெல்லாம் துறைமுகத்துக்குப் போனார். வந்து இறங்கிய தொழிலாளிகளிடம் எட்டு மணி நேர வழக்கத்தைச் சொன்னார்.

1840-ம் ஆண்டு அக்டோபரில் தொழிலாளிகள் கூட்டம் போட்டார்கள். காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரைதான் வேலை என்று முடிவு செய்தார்கள். மீறுகிறவனைத் தூக்கிக் கடலில் முக்குவது என்றும் தீர்மானம்!

ஊர்வலத்தின் நாயகன்

50 ஆண்டுகள் சென்றன. 1890-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி வெலிங்டனில் தொழிலாளர் ஊர்வலம் நடந்தது. கிழவரான பார்னெலை வண்டியில் ஏற்றி, ஊர்வலத்தில் அழைத்துச் சென்றார்கள். வாழ்த்துப் பத்திரம் கொடுத்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி அவர் காலமானார். இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் சென்றார்கள். 1900-ம் ஆண்டு முதல் நியூசிலாந்தில் அக்டோபர் மாதம் தொழிலாளர் தினத்துக்கு விடுமுறை விடப்படுகிறது.

இன்றைய மணி

இன்று காலை 6 மணிக்குப் பட்டறை மணி அடிப்பதில்லை. பதிலாக, இரவு 10 மணிக்குச் செல்போன் அடிக்கிறது! சாப்பிட உட்கார்ந்தால் முதலாளியின் அழைப்பு. பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தால் மேலதிகாரியின் செய்தி.

ஆஸ்திரேலியாவில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. வேலை நேரம் முடிந்த பிறகு வரும் அழைப்புக்குத் தொழிலாளி பதில் சொல்ல மறுக்கலாம். தக்க காரணம் இருந்தால்தான் வற்புறுத்த முடியும். 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி இது நடைமுறைக்கு வந்தது.

சட்டம் இல்லாத இடத்திலும் பார்னெலின் வழி உண்டு. அவர் பாதி வேலையில் முரண்டு பிடிக்கவில்லை. தொடங்கும் முன்பே பேசினார். நன்றாகச் செய்வேன் என்று முதலில் சொன்னார். நேரத்தைப் பிறகு சொன்னார். எப்போது கூப்பிட்டாலும் ஓடி வருகிறவனின் நேரத்துக்கு விலை இல்லை. நேரத்தைச் சொல்லி, அதற்குள் வேலையை முடிப்பவனுக்கு மதிப்பு உண்டு.

எல்லோராலும் இப்படித் துணிந்து சொல்லிவிட முடியாது. வேலை போனால் அடுப்பு எரியாத வீடுகள் எத்தனையோ! அதனால்தான் பார்னெல் தனியாக நிற்காமல் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார்.

இன்னொன்றும் உண்டு. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளுக்கும், கடையில் வேலை செய்யும் பையனுக்கும் நாள் ஒன்றுக்கு 24 மணி நேரம்தான். இரவில் அவர்களைக் கூப்பிடப் போனை எடுக்கும்போது, ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.