கொய்யாவைக் கெடுக்கும் ஈ எது?

வீட்டுப் பின்புறத்துக் கொய்யா மரத்தில் ஆசையாய்ப் பறித்த பழத்தைப் பிட்டதும், உள்ளே புழு நெளியக் கண்டு சலிப்படையாதார் யார்? தாய்ப் பழ ஈ தோலைத் துளைத்து இட்ட முட்டைகளின் விளைவே அது. பார்வைக்கு அந்த ஈ சிறு குளவி போலிருக்கும். ஆயினும் குளவிக்குச் சிறகு நான்கு, ஈக்கு இரண்டே.

இதன் இனத்தைப் பிரித்தறிவதில் அறிஞர்களும் இடர்ப்பட்டனர். 1994இல் ட்ரூ, ஹான்காக் என்னும் இருவர் நம் நாட்டுப் பப்பாளி ஈயையும் பெலிம்பிங் ஈயையும் தனித்தனி இனங்களாக வகுத்தனர். 2003இல் ஆப்பிரிக்காவின் கென்யாவில் காணப்பட்ட ஈக்கு 2005இல் புதுப்பெயர் சூட்டப்பெற்றது. மரபணுவையும் இணைசேரும் முறையையும் ஒப்பிட்டபின், 2015இல் பப்பாளி ஈயும் கென்யா ஈயும் ஆசியாவின் பழைய கீழ்த்திசைப் பழ ஈயே என முடிவாயிற்று. பெலிம்பிங் ஈ மட்டும் தனித்து நின்றது. அதன் சிறகோரக் கரும்பட்டை நுனியில் சற்றே அகன்றிருக்கும். நம் வெறுங்கண்ணுக்கு அது புலப்படுவது கடினம்.

இது வெறும் பெயர்ச் சண்டையன்று. எந்த ஈ எந்நாட்டில் உண்டு என்பதைப் பார்த்தே பிற நாடுகள் பழ இறக்குமதியை அனுமதிக்கின்றன.

நமக்கோ இரண்டும் எதிரிகளே. பிஞ்சிலேயே காகிதப் பையால் மூடினால் ஈ முட்டையிட இயலாது. உதிர்ந்த பழத்தை மரத்தடியில் விடலாகாது. புழு மண்ணுள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாய் எழும்.