உங்கள் பாஸ்வேர்டு கணினிக்குத் தெரியாது

புதுக் கணினியை மேசையில் வைத்து ஸ்விட்சைப் போட்டதும், முதல் அரைமணி நேரம் அது கேள்வியாகக் கேட்டுத் தள்ளும். நாடு எது, மொழி எது, விசைப்பலகை எது, வைஃபை எது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் “நீங்கள் யார்?” என்ற இடத்தில் வந்து நிற்கும். நம்மில் பலர் இந்தக் கேள்விகளைப் பார்த்ததே இல்லை. விற்ற கடையிலேயே ஒரு தம்பி எல்லாவற்றுக்கும் ‘நெக்ஸ்ட்’ தட்டி, ‘அட்மின்’ என்று ஒரு பெயரும் 1234 என்று ஒரு பாஸ்வேர்டும் போட்டு, ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடுகிறதா என்று பார்த்துக் கொடுத்துவிடுகிறார். நமக்கும் தலைவலி மிச்சம். ஆனால் இந்தப் பெட்டியின் சாவி இனி யாரிடம் இருக்கப்போகிறது என்பது முடிவாவது அந்த அரைமணி நேரத்தில்தான்.

நாடு, நேரம் எல்லாம் சட்டென்று முடிகிற விஷயங்கள். தேதியை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மதர்போர்டில் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோதும் கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் ஒன்றின் துடிப்பை எண்ணி அந்தக் கடிகாரம் நேரம் சொல்கிறது. பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போய்விட்டால் வங்கி இணையதளம் திறக்க மறுக்கும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. கணினி தன்னை 2009இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் நடைமுறைக்கே வராத ஒன்று. இன்டர்நெட் கம்பெனிக்கு ஃபோன் போட்டுச் சண்டை பிடிப்பதற்கு முன் திரையின் மூலையைப் பாருங்கள்.

விசைப்பலகையிலும் ஒரு சின்ன எச்சரிக்கை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டில் உருவெடுத்த தமிழ்99 இப்போது விண்டோஸிலேயே கிடைக்கிறது. தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஆங்கிலத்தை முதலிடத்தில் வைத்துவிட்டு. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரியும். எந்த விசைப்பலகையில் அடிக்கிறோம் என்பது தெரியாமல் திண்டாட வேண்டிவரும்.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. வீட்டில் ஓரிருவர் புழங்கும் கணினி எதற்காக ஆள் அடையாளம் கேட்க வேண்டும்? 1981இல் ஐபிஎம் விற்ற பிசி அப்படிக் கேட்கவில்லை. தேதியை மட்டும் கேட்டுவிட்டு வேலைக்குத் தயாராகிவிடும். லாகின் அதைவிட இருபது வயது மூத்தது. பலர் சேர்ந்து ஒரே கணினியைப் பயன்படுத்திய காலத்தில் பிறந்தது.

அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு 1961இல் ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்துகாட்டியது. ஒரே பெரிய கணினி, அதனுடன் இணைந்த பல தட்டச்சு முனையங்கள், ஒவ்வொன்றிலும் ஒருவர். அவரவர் கோப்பு அவரவருக்கு, அவரவருக்கு இத்தனை மணி நேரம் என்று அளவு. யார் எவர் என்று பிரித்தறிய ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அத்தனை பாஸ்வேர்டுகளையும் ஒரே கோப்பில், அடித்தது அடித்தபடியே எழுதி வைத்திருந்தார்கள். 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குத் தன் பங்கு நேரம் போதவில்லை. எந்தக் கோப்பையும் அச்செடுத்துத் தரும்படி துளையிட்ட அட்டையில் எழுதிக் கேட்கலாம் என்ற வசதி இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு அவர் பாஸ்வேர்டு கோப்பையே கேட்டார். சனிக்கிழமை காலை அச்சடித்த தாள் தயாராக இருந்தது. உலகின் முதல் பாஸ்வேர்டு திருட்டு என்று பலரும் சொல்வது இதைத்தான்.

சில ஆண்டுகளில் அங்கேயே அடுத்த கூத்து. நிர்வாகிகள் இருவர் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு கோப்பைத் திருத்தினார்கள். ஒருவர் பாஸ்வேர்டு பட்டியலை, மற்றவர் எல்லோருக்கும் காட்டும் அன்றைய அறிவிப்பை. திருத்தும் மென்பொருள் இரண்டுக்கும் ஒரே தற்காலிகப் பெயரைக் கொடுத்ததால் கோப்புகள் இடம் மாறிவிட்டன. அதன்பின் லாகின் செய்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்பாக மற்ற அனைவரின் பாஸ்வேர்டும் வந்து விழுந்தது. கார்பட்டோ இந்தக் கதையைத் தன் டூரிங் விருது உரையிலேயே சொல்லியிருக்கிறார்.

கணினிக்கு ரகசியம் தெரிந்திருந்தால் அது என்றைக்காவது ஒருநாள் வெளியே வந்தே தீரும். அப்படியானால் கணினிக்கே தெரியாமல் வைத்துக்கொள்ள வழி உண்டா? கேம்பிரிட்ஜில் ராஜர் நீதம் ஒரு வழி கண்டார். அவருடைய சக ஆராய்ச்சியாளர் மாரிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியிட்ட நூலில் அது வெளியுலகுக்கு வந்தது. ஊறவைத்த அரிசியும் உளுந்தும் கிரைண்டரில் மாவாகிவிட்டால், அந்த மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. அதுபோல ஒருபக்கம் மட்டுமே போகக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. பாஸ்வேர்டை அதில் போட்டால், பார்க்க அர்த்தமில்லாத ஒரு நீண்ட எழுத்துக்கோவை வரும். அதற்கு ஹேஷ் என்று பெயர். கணினி எழுதிவைப்பது அதை மட்டுமே. நீங்கள் லாகின் செய்யும்போது, அடித்ததை அதே கணக்கில் போட்டுப் பார்க்கிறது. வரும் விடை பழைய விடையோடு பொருந்தினால் கதவு திறக்கும். உங்கள் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டால் அதனால் சொல்ல முடியாது. ‘மறந்துவிட்டேன்’ என்று சொன்னால் புதிதாக ஒன்று வைக்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம். பழையதையே எடுத்துக் கொடுக்கும் இணையதளம் ஒன்றைக் கண்டால் அங்கிருந்து உடனே கிளம்பிவிடுங்கள்.

ஆனால் திருடன் ஹேஷைத் தலைகீழாகத் திருப்ப வேண்டியதில்லை. ஊகித்து ஊகித்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் போதும். யூனிக்ஸை உருவாக்கிய பெல் லேப்ஸின் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில், பயனர்கள் தாங்களாகவே வைத்த 3,289 பாஸ்வேர்டுகளை ஆராய்ந்து காட்டினார்கள். 15 பேர் ஒற்றை எழுத்தையே வைத்திருந்தார்கள். 464 பேருடையது மூன்றே எழுத்து. அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் கிடைத்தவற்றையும் சேர்த்து, எளிதில் சிக்கியவை 86 சதவீதம். அதனால் யூனிக்ஸில் இரண்டு தற்காப்புகள் வந்தன. ஒன்று, கணக்கை வேண்டுமென்றே மெதுவாக்குவது. மற்றொன்று சால்ட்: ஒவ்வொருவரின் பாஸ்வேர்டோடும் 4,096 வகைகளில் ஏதோ ஒரு எண்ணைச் சேர்த்து ஹேஷ் செய்வது. இருவர் ஒரே பாஸ்வேர்டு வைத்தாலும் விடை வேறுவேறாக வரும். ஒருமுறை கணக்கிட்டு எல்லோர் மீதும் பிரயோகிக்க முடியாது.

அந்தக் காலத்துக்கு அது போதுமாக இருந்தது. பெல் லேப்ஸ்காரர்களின் பழைய ஹேஷ்கள் பின்னாளில் பொதுவெளியில் கிடைத்தன. அவர்களில் ஒருவரான பிரையன் கெர்னிகனின் பாஸ்வேர்டு, விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று குறிகளை இரண்டு தடவை அடித்தது, எளிதில் விழுந்துவிட்டது. தாம்சனுடையது அவ்வளவு எளிதில் அசையவில்லை. 2019இல் ஒருவர், கேம் விளையாடுவோர் வாங்கும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை நான்கு நாளுக்கு மேல் ஓடவிட்டு அதையும் கண்டுபிடித்தார். சதுரங்கத்தில் ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் தொடக்க நகர்வு, பழைய குறியீட்டு முறையில் எழுதப்பட்டிருந்தது. சதுரங்கம் ஆடும் கணினியைக் கட்டிய மனிதர் வேறென்ன வைப்பார்!

அந்தக் கார்டு நொடிக்குச் சுமார் 93 கோடி ஊகங்களைப் போட்டுப் பார்த்தது. இதை வைத்து நாமே கணக்குப் போடலாம். எட்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் ஆன பாஸ்வேர்டு மொத்தம் சுமார் 20,900 கோடி விதமாக அமையும். அந்த வேகத்தில் எல்லாவற்றையும் முடிக்க நான்கு நிமிடம்கூட ஆகாது. அதே வேகத்தில் பதினாறு எழுத்து என்றால் சுமார் 15 லட்சம் ஆண்டு. நீளம்தான் பலம். நடுவில் ஒரு ஆச்சரியக்குறியைச் செருகுவதால் கிடைக்கும் லாபம் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால் உலகம் பல ஆண்டுகள் ஆச்சரியக்குறியைத்தான் நம்பியது. பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று, 90 நாளுக்கு ஒருமுறை மாற்றம் என்ற சடங்குக்கு, அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் பில் பர் எழுதிய வழிகாட்டுதல் பெரிய காரணம். ஓய்வுபெற்ற பிறகு, தான் எழுதியவற்றில் பலவற்றுக்காக வருந்துவதாக 2017இல் அவரே சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட்டும் பாதை மாறியது: குறிகளைக் கட்டாயப்படுத்தாதே, கசிந்ததற்கு ஆதாரம் இல்லாமல் மாற்றச் சொல்லாதே, நீளமாக வைக்க விடு. நம் அலுவலகங்கள் பலவற்றில் இன்னும் அந்தப் பழைய சடங்குதான் நடக்கிறது. ஊழியர்களும் பாஸ்வேர்டின் கடைசியில் 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

நீளமாக வைப்பது எப்படி? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள். அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து, விரல் பட்ட சொல்லை எடுப்பது நல்லது. நாமாக யோசித்தால் குழந்தை பெயரும் குலதெய்வமும்தான் வரும். சினிமாப் பாட்டு வரி வேண்டாம். பலருக்கும் மனப்பாடமாக இருப்பதைத்தான் திருடனும் முதலில் போட்டுப் பார்ப்பான்.

இப்படியெல்லாம் சொல்லிவிட்டு, விண்டோஸ் நான்கிலக்க பின் நம்பரையும் ஏற்றுக்கொள்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த பின் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே செல்லும். அதைச் சரிபார்ப்பது டிபிஎம் என்ற தனிச் சில்லு. தவறுகள் 32 ஆனதும் அது பூட்டிக்கொள்ளும். அதன்பின் பத்து நிமிடத்துக்கு ஒரு முயற்சிதான். பத்து லட்சம் ஆறிலக்க எண்களையும் முயல வேண்டுமானால் 19 ஆண்டு ஆகும். நான்கிலக்கம் என்றால் 69 நாளில் முடிந்துவிடும். ஆகவே ஆறாகவே வையுங்கள். விண்டோஸ் 11 இந்தச் சில்லு இல்லாத கணினியை ஏற்க மறுப்பது வெறும் பிடிவாதம் இல்லை.

அடுத்தது பயனர் கணக்கு. முதலில் உருவாக்கும் கணக்குக்குக் கணினி தானாகவே நிர்வாகி அதிகாரம் கொடுத்துவிடுகிறது. அந்தக் கணக்கில் இருந்துகொண்டே மெயில் பார்த்தால், தவறிப்போய்த் திறந்த ஒரு இணைப்புக் கோப்புக்கும் அதே அதிகாரம் கிடைக்க வாய்ப்பு உண்டு. இரண்டாவதாக ஒரு சாதாரணக் கணக்கைத் தொடங்கி, அன்றாட வேலையை அதில் செய்யுங்கள். பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு. ஐந்து நிமிட வேலை.

மிகப் பெரிய ஆபத்து வேறொன்று. லாகின் பாஸ்வேர்டு மட்டும் டிஸ்கில் இருப்பதைக் காக்காது. டிஸ்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினால் கோப்புகளைப் படித்துவிடலாம். இதற்காகத்தான் புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போனதும் டிஸ்க் முழுவதும் தானாகவே மறையாக்கம் (என்கிரிப்ஷன்) ஆகிவிடுகிறது. அதைத் திறக்க 48 இலக்கம் கொண்ட மீட்பு எண் ஒன்று உருவாகி அந்தக் கணக்கில் சேர்கிறது. மதர்போர்டை மாற்றினாலோ உள்ளமைப்பில் ஏதாவது தொட்டாலோ கணினி அந்த எண்ணைக் கேட்கும். இல்லாவிட்டால் கல்யாண ஃபோட்டோ முதல் வருமானவரிக் கணக்கு வரை எதுவும் திரும்ப வராது.

கடைத் தம்பி அவசரத்துக்குத் தன்னுடைய மெயில் முகவரியைப் போட்டிருந்தால், அந்த எண் இப்போது இருப்பது அவருடைய கணக்கில். அவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. கடை மாறிப் போனாலே, பழைய மெயிலை மறந்தாலே போதும். ஆகவே இன்றே செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியைத் திறந்து, யாருடைய முகவரி இருக்கிறது என்று பாருங்கள். வேறொருவருடையது என்றால் உங்கள் பெயரில் நிர்வாகி கணக்கைத் தொடங்கி, பழையதை நீக்குங்கள். டிஸ்க் மறையாக்கத்தை ஒருமுறை நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் புதிய எண் கிடைக்கும். அதைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் ஃபைலில் வையுங்கள். அதே கணினியில் சேமித்து வைத்துவிடாதீர்கள்.