கொழுப்பைக் கழுவும் கணையம்: மது புகுந்தால் என்ன ஆகும்?

கோழி வறுத்த சட்டியை வெறும் தண்ணீரில் கழுவினால் பிசுக்கு போகாது. சோப்பு எண்ணெயைச் சிறு துளிகளாக உடைக்க வேண்டும். அதன்பின் நார் போட்டுத் தேய்க்க வேண்டும். வயிற்றுக்குள் கொழுப்பு செரிப்பதும் ஏறக்குறைய இந்த வேலைதான்.

சோப்பு: கல்லீரலில் சுரக்கும் பித்தநீர். கொழுப்பை நுண்துளிகளாக்குகிறது.

நார்: கணையத்தில் சுரக்கும் லைபேஸ் என்ற நொதி. கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றிலிருந்தும் 2 கொழுப்பு அமிலங்களை வெட்டி எடுக்கிறது. வெட்டினால்தான் குடல் உறிஞ்சும்.

குழாய்: கணைய நாளம். லைபேஸோடு, இரைப்பை அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டையும் முன்சிறுகுடலில் கொண்டுவந்து விடுகிறது. அமிலம் முறியாவிட்டால் லைபேஸ் முடங்கிவிடும்.

மது இந்தக் குழாயைக் கெடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் மிகுதியாகக் குடிப்பவருக்குக் கணையநீர் கெட்டியாகி, அதிலுள்ள புரதம் நுண்குழாய்களில் அடைத்துக்கொள்கிறது. அதன்மேல் கால்சியம் கார்பனேட் படிந்து கல்லாகிறது. உப்புத்தண்ணீர் வரும் வீட்டுக் குழாயில் படியும் வெள்ளைப் படிவும் பெரும்பாலும் இதே பொருள்தான்.

இன்னோர் அடி கணையச் செல்களுக்கு. குடலுக்கு வந்தபிறகே செயல்பட வேண்டிய டிரிப்சின் என்ற நொதி, கணையத்துக்குள்ளேயே முடுக்கப்பட்டு அந்த உறுப்பையே அரிக்கத் தொடங்குகிறது. மேல்வயிற்றில் பிடிக்கும் வலி முதுகுவரை பாயும். குடலுக்குப் போக வேண்டிய லைபேஸ் ரத்தத்தில் கசியும். அது இயல்பு வரம்பைப்போல் 3 மடங்கைத் தாண்டினால், கணைய அழற்சிக்கு முக்கியச் சான்று.

அழற்சி மீண்டும் மீண்டும் வந்தால் சுரக்கும் செல்கள் தழும்பாகிவிடும். ஆனாலும் உடனே வெளியே தெரியாது. கணையத்துக்குக் கையிருப்பு அதிகம். லைபேஸ் சுரப்பு இயல்பில் சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் கொழுப்பு செரிக்காமல் வெளியேறும். மலம் வெளிறி, பிசுபிசுத்து, கடுமையாக நாறி, தண்ணீரில் மிதக்கும். எடை குறையும், கொழுப்போடு சேர்ந்து உடலில் ஏறும் ஏ, டி, இ, கே வைட்டமின்களும் குறையும். சாப்பாட்டோடு எடுக்கும் நொதி மாத்திரை செரிமானத்துக்குக் கைகொடுக்கும். தழும்பான கணையத்தை அது மீட்டுத் தராது.

கறிச்சாப்பாடு செரிக்க ஒரு கட்டிங் என்பது வெறும் நம்பிக்கை. மது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தவே செய்கிறது. தொந்தரவு ஏதும் இல்லையே என்று குடியைத் தொடராதீர்கள். செரிமானத் தொந்தரவு தெரியும்போது கணையத்தின் பெரும்பகுதி போயிருக்கும்.